விளையாட்டை உருவாக்க எந்தப் பட்டம்?

கல்லூரிச் சேர்க்கைக் காலம் தொடங்கியதும் கல்விக் கடன் நாடி வங்கிக்கு வரும் குடும்பங்கள் பொறியியல், மருத்துவம், மேலாண்மை என்ற பழகிய பெயர்களோடு இப்போது புதிய பெயர் ஒன்றையும் சொல்கின்றன: வீடியோ கேம். பிள்ளைக்கோ அதில் தணியாத ஆர்வம். பெற்றோருக்கோ அது படிப்பா, பொழுதுபோக்கா என்ற ஐயம். தேர்வுக்கு முந்தைய வாரம் கைப்பேசியைப் பிடுங்கி அலமாரியில் பூட்டி வைத்த தாய், அதே கைப்பேசி விளையாட்டுக்காகப் பத்து லட்சம் ரூபாய் கடன் வாங்கக் கையெழுத்திட வேண்டுமென்றால் தயங்கத்தானே செய்வார்!

தயக்கம் நியாயமானது. ஆயினும் விளையாடுவது வேறு, விளையாட்டை உருவாக்குவது வேறு. திரைப்படம் பார்ப்பவருக்கும் படத்தொகுப்பு மேசையில் அமர்ந்திருப்பவருக்கும் உள்ள தொலைவு இங்கும் உண்டு.

இத்துறை நம் நாட்டுக்கு நேற்று வந்ததன்று. பெங்களூரில் துருவா இன்டராக்டிவ் நிறுவனம் தோன்றிய ஆண்டு 1997. அதை 2019-இல் ராக்ஸ்டார் கேம்ஸ் வாங்கியது. பிரான்சின் யூபிசாஃப்ட் 2008-இல் புனேயிலும் 2018-இல் மும்பையிலும் கூடங்கள் அமைத்தது. வெளிநாட்டு விளையாட்டுகளுக்கான ஓவியம், நிரலாக்கம், சோதனை ஆகியவற்றில் கணிசமான பகுதி இத்தகைய கூடங்களில் நடைபெறுகிறது. நம் கதையை நாமே சொல்லும் முயற்சிகளும் உண்டு. புனேயின் சிறு குழு ஒன்று உருவாக்கிய ‘ராஜி’ 2020-இல் வெளிவந்தது. அதற்காக 2017-இல் பொதுமக்களிடம் நிதி திரட்ட அக்குழு எடுத்த முயற்சி இலக்கை எட்டவில்லை என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் சமையலறையைக் களமாகக் கொண்ட ‘வெண்பா’, 2023-இல் வெளியாகி, மறு ஆண்டே பிரிட்டனின் பாஃப்டா அமைப்பிடம் சிறந்த அறிமுக விளையாட்டுக்கான விருதைப் பெற்றது.

இன்னொன்றையும் பெற்றோர் பிரித்தறிய வேண்டும். பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை 2025-ஆம் ஆண்டின் இணைய விளையாட்டுச் சட்டம் தடை செய்தது. அவற்றை நடத்திய நிறுவனங்களில் வேலை வாய்ப்புகள் சுருங்கின. ‘கேமிங் துறையில் உறுதியான வேலை’ என்று எவரேனும் விளம்பரம் செய்தால், எந்தக் கேமிங் என்று கேட்பது நல்லது.

இனிப் பட்டத்துக்கு வருவோம். ஒரு விளையாட்டைப் பலர் கூடித்தான் உருவாக்குகிறார்கள்: நிரலாளர், ஓவியர், அசைவூட்டக் கலைஞர், விளையாட்டு வடிவமைப்பாளர், ஒலி அமைப்பாளர், பிழை தேடும் சோதனையாளர், இவர்களை ஒருங்கிணைக்கும் தயாரிப்பாளர். பிள்ளை இவர்களுள் யாராக விரும்புகிறார் என்பதே முதற்கேள்வி. அதற்கு விடை கிடைக்காமல் கல்லூரி தேடுவது, ஊர் தெரியாமல் பயணச்சீட்டு வாங்குவது போன்றது.

நிரலாளராக விரும்புவோருக்குக் கணினி அறிவியல் பட்டமே தகுந்தது என்பது எம் கருத்து. பி.இ., பி.டெக். கிடைத்தால் நன்று, பி.எஸ்சி. கணினி அறிவியலோ பி.சி.ஏ.வோ குறைந்ததன்று. யூனிட்டி என்னும் மென்பொருள் சி ஷார்ப் மொழியிலும், அன்ரியல் என்னும் மென்பொருள் சி ப்ளஸ் ப்ளஸ் மொழியிலும் இயங்குகின்றன. மொழியைச் சில மாதங்களில் கற்றுக்கொள்ளலாம், கணிதம் அப்படியன்று. திரையில் ஒரு வீரன் திரும்பினால் அங்கே திசையன் கணக்கு நடக்கிறது. பந்து சுவரில் பட்டுத் தெறித்தால் இயற்பியல் நடக்கிறது. கேமரா சுழன்றால் அணிகள் பெருக்கப்படுகின்றன. ‘இதெல்லாம் எங்கே பயன்படப் போகிறது?’ என்று பதினோராம் வகுப்பில் சலித்துக்கொண்ட பாடங்கள் முழுவதும் பயன்படும் இடம் இதுதான். மேலும், விளையாட்டுத் துறையில் ஆள்குறைப்பு நேர்ந்தால் கணினி அறிவியல் பட்டதாரி வேறு மென்பொருள் நிறுவனத்துக்குச் செல்ல முடியும். கடன் தவணை செலுத்துவோருக்கு இது சிறிய ஆறுதலன்று.

ஓவியம் கைவரப்பெற்ற பிள்ளைக்கு நுண்கலைப் பட்டமும் அசைவூட்டப் பட்டமும் உள்ளன. முப்பரிமாண மென்பொருளைப் பின்னர் கற்கலாம். உடலமைப்பு, ஒளி, நிறம் ஆகியவற்றைக் கையால் வரைந்து பழகாதவரின் குறையை எந்த மென்பொருளும் மறைப்பதில்லை.

விளையாட்டு வடிவமைப்பு என்றதும் படம் வரைவது என்றே பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது விதிகளை வகுக்கும் வேலை. ஒரு கட்டத்தை எவ்வளவு கடினமாக்குவது, தோற்றவர் ஏன் மீண்டும் முயல வேண்டும், பரிசை எப்போது தருவது என்பனவற்றைச் சிந்திப்பவர் அவர். ஆடுபுலி ஆட்டத்தில் மூன்று புலிகளும் பதினைந்து ஆடுகளும் சமபலத்தோடு மோதும்படி அமைத்த முன்னோர் செய்ததும் இதே பணிதான். தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் எண்ணிம விளையாட்டு வடிவமைப்புக்கென எம்.டெஸ். படிப்பு உண்டு. அது முதுநிலைப் படிப்பு என்பதைக் கவனிக்க வேண்டும்: முதலில் ஒரு பட்டம், பிறகே இந்தச் சிறப்புப் பயிற்சி. இளநிலையிலேயே வடிவமைப்புப் பயில விரும்புவோருக்கு யூசீட் என்னும் நுழைவுத்தேர்வு வழி பி.டெஸ். படிப்புகள் உள்ளன.

‘கேமிங்’ என்ற பெயரையே தாங்கிய பட்டங்களும் தனியார் பட்டயங்களும் இப்போது பெருகியுள்ளன. அவற்றுள் நல்லவையும் உண்டு. ஆனால் சேருமுன் சிலவற்றை விசாரிக்க வேண்டும். பட்டம் வழங்குவது பல்கலைக்கழக மானியக் குழு ஏற்ற பல்கலைக்கழகமா? கற்பிப்போர் எந்த விளையாட்டில் பணிபுரிந்தவர்கள்? சென்ற ஆண்டு படித்து முடித்தோர் எங்கே இருக்கிறார்கள்? மூன்றாவது கேள்விக்குத் தெளிவான விடை வராவிட்டால் அவசரப்பட வேண்டாம். அங்கீகாரம் இல்லாத படிப்புக்குக் கல்விக் கடன் கிடைப்பதே அரிது. உயர்கல்விக்கும் அரசுப் பணிக்கும் அந்தச் சான்றிதழ் உதவாமல் போகலாம்.

எந்தப் பட்டமாயினும், வேலைக்கு எடுப்போர் கேட்பது ‘செய்து காட்டியது என்ன?’ என்பதே. பிளெண்டர், கோடாட் ஆகிய மென்பொருள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆண்டுதோறும் ஜனவரி மாதத்தை ஒட்டி நடைபெறும் குளோபல் கேம் ஜாம் நிகழ்வில் முன்பின் அறியாதவர்கள் குழுவாகச் சேர்ந்து 48 மணி நேரம் போன்ற குறுகிய காலத்தில் ஒரு விளையாட்டை முடிக்கின்றனர். கல்லூரியில் சேர்வதற்கு முன் கோடை விடுமுறையில் ஒரே ஒரு சிறு விளையாட்டையாவது தொடங்கி முடிக்குமாறு பிள்ளையிடம் சொல்லிப் பாருங்கள். முடித்த பிறகும் ஆர்வம் குன்றாதிருந்தால் அடுத்த பேச்சைத் தொடங்கலாம்.

அடுத்த பேச்சு பணம் பற்றியது. நான்காண்டுப் படிப்புக்கு ஆண்டுக்கு 2.5 லட்சம் வீதம் 10 லட்சம் ரூபாய், 10 சதவீத வட்டியில் பெறுவதாகக் கொள்வோம். படிப்புக் காலத்தோடு ஓராண்டு வரை தவணை தொடங்காது. வட்டி மட்டும் தனி வட்டியாகச் சேரும். அது ஏறக்குறைய 3.5 லட்சம் ஆகும். அதன் பின் பத்து ஆண்டுகளில் அடைக்க மாதத் தவணை சுமார் 17,800 ரூபாய். படிக்கும் காலத்திலேயே வட்டியைக் குடும்பம் செலுத்தி வந்தால் தவணை சுமார் 13,200 ரூபாயாகக் குறையும். தொடக்கநிலைச் சோதனையாளராகவோ இளநிலை ஓவியராகவோ சேர்பவருக்கு இந்த 4,600 ரூபாய் வேறுபாடு வீட்டு வாடகையில் பாதியாக இருக்கக்கூடும்.

7.5 லட்சம் ரூபாய் வரையிலான கல்விக் கடனுக்குச் சொத்துப் பிணை பொதுவாகத் தேவைப்படுவதில்லை. 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பிரதமரின் வித்யாலக்ஷ்மி திட்டத்தில், பட்டியலில் உள்ள உயர்கல்வி நிறுவனங்களில் சேர்வோர் பிணையும் உத்தரவாதமும் இன்றிக் கடன் பெறலாம். குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சம் ரூபாய் வரை இருந்து, வேறு உதவித்தொகை பெறாதோருக்கு, 10 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்குத் தவணை தொடங்கும் வரை 3 சதவீத வட்டி மானியமும் உண்டு. வருமான வரியில் பழைய முறையைத் தேர்ந்தோர் செலுத்தும் வட்டிக்கு எட்டு ஆண்டுகள் வரை வரிக்கழிவு பெறலாம். கல்லூரிக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்பே, சேர்க்கைக் கடிதத்தையும் கட்டண விவரத்தையும் கொண்டு கிளைக்கு ஒருமுறை வந்து செல்லுங்கள். கட்டிய பணத்தைத் திரும்பப் பெறுவதைவிட அது எளிது.