பனியும் வறட்சியும் சேர்ந்து வந்தால்

ஊட்டியில் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் மழை அபூர்வம்; இரவிலோ உறைபனி. வீட்டுத் தோட்டத்துக்கு இது இரட்டைச் சோதனை. காய்ந்த மண்ணில் பகல் சூடு அதிகம் தங்காது. ஈரமண் அதைச் சேர்த்துவைத்து இரவில் மெல்ல வெளிவிடும். அதனால் தண்ணீர் குறைவாக இருந்தாலும், காலை வெயில் ஏறியதும் வேரடியில் ஊற்றிவிடுங்கள். பொழுது சாயும் முன்பே நாற்றுகளைச் சாக்கால் மூடுங்கள். இலையில் சாக்கு படக்கூடாது, அது முக்கியம். நான்கு குச்சி நட்டு அதன்மேல் போடுங்கள். ஊட்டி தாவரவியல் பூங்காவில் மலர்ச்செடிகள்மீது மிலார் என்ற செடிகளைப் பரப்புவதும் பனியிலிருந்து காக்கத்தான். விடிந்ததும் சாக்கை எடுத்துவிடுங்கள். கருகிய நுனிகளை அவசரப்பட்டு வெட்ட வேண்டாம். குளிர் விலகும்வரை அவை உள்தளிரைக் காக்கும். கேரட்டும் முட்டைக்கோஸும் லேசான பனியைத் தாங்கிக்கொள்ளும். பீன்ஸும் தக்காளியும் தாங்காது. முதல் குடம் தண்ணீரை அவற்றுக்கே கொடுங்கள்.