குளத்தருகே குடியிருப்பு

ஒரு நகரின் சிறப்பை அதன் மாடமாளிகைகளைக் கொண்டும் கடைவீதிகளைக் கொண்டும் அளவிடுவது உலக வழக்கு. அந்த அளவுகோலைக் கையிலேந்தி வன்னிப் பெருநிலப்பரப்பின் நகரங்களை அணுகுபவர் ஏமாற்றமே அடைவர். கண்டி வீதியிலே யாழ்ப்பாணம் நோக்கிச் செல்லும் பிரயாணி, வவுனியாவில் தேநீர் அருந்திவிட்டுச் சற்றே கண்ணயர்ந்தால், கிளிநொச்சியைக் கடந்ததையே அறியாதிருக்கக்கூடும். முல்லைத்தீவோ அவ்வீதியை விட்டுக் கிழக்கே வெகுதூரம் விலகிக் கடலோரத்தில் ஒதுங்கியிருக்கிறது. ஆயினும், இச்சிறு நகரங்களில் வாழ்ந்து பழகியவர்கள் கொழும்புக்கோ கடல் கடந்த நாடுகளுக்கோ சென்ற பின்னரும், தம் ஊரின் நினைவை விட்டொழிக்க இயலாதவர்களாயிருப்பதைக் காணலாம். இக்கவர்ச்சிக்குக் காரணம் யாது?

வன்னியில் ஒருவரை நோக்கி, “எந்த ஊர்?” என்று வினவினால், பெரும்பாலும் விடையிலே ஒரு குளம் இருக்கும். தாண்டிக்குளம், பண்டாரிகுளம், வைரவபுளியங்குளம், புளியங்குளம், அக்கராயன்குளம் என்று அவ்வரிசை நீண்டு செல்லும். இப்பெயர்கள் தற்செயலாக அமைந்தவை அல்ல. இந்நிலம் வடகீழ்ப் பருவமழையை நம்பி வாழும் வறண்ட நிலம். ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழையைத் தேக்கிவைத்தாலன்றி ஆண்டின் எஞ்சிய மாதங்களில் உழவு இல்லை, கால்நடைக்கு நீரில்லை. யாழ்ப்பாணத்துக் கமக்காரர் தம் தோட்டத்திலே தாமே ஒரு கிணறு தோண்டி, தம் பயிருக்குத் தாமே நீர் இறைக்கலாம். வன்னியில் அது பெரும்பாலும் போதாது. குளத்தைத் தனியொருவர் கட்டவும் இயலாது. கட்டியதைத் தனியொருவர் காக்கவும் இயலாது. பலர் கூடிக் குளத்தைக் காத்தால்தான் ஒருவர் வீட்டு அடுப்பெரியும். சமூக வாழ்வு இங்கே இல்லற வாழ்வின் அலங்காரம் அன்று. அதன் அடித்தளமே அதுதான்.

இவ்வுண்மையைக் கிளிநொச்சியின் வரலாறு நன்கு விளக்கும். கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டப்பெற்ற இரணைமடுக் குளம், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆரம்பிக்கப்பட்டு 1920களில் நிறைவெய்தியது; பின்னர் பலமுறை உயர்த்தப்பட்டது. அக்குளத்தை ஆதாரமாகக் கொண்டு, குடாநாட்டின் சனநெருக்கத்தையும் வேலையின்மையையும் தணிக்கும் நோக்குடன், 1936ஆம் ஆண்டிலே கிளிநொச்சிக் குடியேற்றம் தொடங்கப்பெற்றது. அவ்வாறு வந்தவர்கள் தம் சுற்றத்தாரையும் குலதெய்வக் கோயிலையும் பின்னே விட்டு வந்தவர்கள். முன்னே இருந்தவை காடும் யானையும் மலேரியாக் காய்ச்சலுமே. உருத்திரபுரம், வட்டக்கச்சி, இராமநாதபுரம் முதலிய ஊர்கள் படிப்படியாக உருவாயின. எட்டாம் வாய்க்கால், பத்தாம் வாய்க்கால் என்று நீரோடும் வழிகளே மனிதரின் முகவரிகளாயின.

பிறந்த ஊரிலே உறவினர் அயலவராய் இருப்பர். புதுக்குடியேற்றத்திலோ அயலவரே உறவினராக வேண்டியிருந்தது. காய்ச்சலிற் கிடந்தவனின் வயலுக்குப் பக்கத்துக் காணிக்காரன் நீர் பாய்ச்சினான். பிள்ளைப்பேற்றுக்கு உதவிய அயல்வீட்டுப் பெண்மணியை அப்பிள்ளை ஆச்சி என்று அழைத்து வளர்ந்தது. இரத்த உறவு இல்லாதவர்கள் அண்ணை, அக்கா, மாமி என்று ஒருவரையொருவர் விளித்தபோது, அது வெறும் உபசார வார்த்தையாக இருக்கவில்லை. தேவையிலே பிறந்து பழக்கத்திலே முதிர்ந்த உறவாக இருந்தது.

அக்குடியிருப்புகளின் வீட்டமைப்பிலும் இப்பண்பு தெரிந்தது. விசாலமான வளவு, அதன் முகப்பிலே படலை, உள்ளே தென்னையும் மாவும் முருங்கையும், ஒரு புறம் கிணறு, மறுபுறம் மாட்டுக் கொட்டில். வளவைச் சுற்றிக் கிடுகு வேலியோ கதியால் வேலியோ இருக்கும். ஆனால், அவ்வேலியில் அயல்வீட்டை நோக்கி ஒரு பொட்டு இருக்கும். கறிவேப்பிலையும் கைமாற்று அரிசியும், செய்த பலகாரமும் சொல்ல வேண்டிய செய்தியும் அப்பொட்டின் வழியாகவே போய்வந்தன. வேலி இன்னாருடையது இக்காணி என்று அறிவித்தது. பொட்டோ, காணி வேறானாலும் வாழ்வு வேறன்று என்று அறிவித்தது.

இனி, குளத்து நீரைப் பங்கிடும் முறையை நோக்குவோர் இச்சமூகத்தின் உள்ளமைப்பை அறிவர். மழைக்காலத்துக் காலபோகத்தில் அனைவரும் விதைப்பர். சிறுபோகத்திலோ குளத்திலுள்ள நீரின் அளவுக்கேற்பவே விதைக்கலாம். அதன் பொருட்டு மாவட்டச் செயலாளர் தலைமையில் அதிகாரிகளும் கமக்கார அமைப்பினரும் கூடி, எத்தனை ஏக்கர் விதைப்பது, துருசை எந்நாள் திறப்பது, எந்நாள் மூடுவது என்பனவற்றைத் தீர்மானிப்பர். நீர் குறைந்த ஆண்டிலே உள்ள நிலத்தைப் பங்கிட்டு, ஒவ்வொருவரும் ஒரு பகுதியையே செய்ய நேரும். அக்கூட்டங்களில் உரத்த பேச்சும் மனத்தாங்கலும் இல்லாமற் போவதில்லை. ஆயினும், வாய்க்காலின் தலைப்பில் உள்ளவர் கடைப்பகுதியில் உள்ளவரை மறந்து வாழ முடியாது என்னும் பாடம் ஆண்டுதோறும் அங்கே புகட்டப்படுகிறது.

முல்லைத்தீவுப் பகுதியிலே கடலும் வயலும் அருகருகே அமைந்துள்ளன. மீன்பிடிப்போரும் நெல் விளைவிப்போரும் ஆகிய இரு சாராரையும் வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் கோயிலின் வைகாசிப் பொங்கல் ஒன்றுசேர்க்கிறது. பாக்குத் தெண்டலோடு அவ்விழாவின் சடங்குகள் ஆரம்பமாகின்றன. சிலாவத்தைக் கடலிலே தீர்த்தம் எடுக்கப்பெற்று, முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலிலே அவ்வுப்பு நீரால் விளக்கேற்றப்படுகிறது. கரையோர ஊரின் நீர், உள்ளூரின் கோயிலில் ஒளியாகி, நந்திக்கடலோரத்துச் சந்நிதியிற் பொங்கலாக முடிகிறது. ஓர் ஊர் மட்டும் தனித்து நடத்த முடியாதவாறு முன்னோர் இவ்விழாவை அமைத்திருப்பது கருதத்தக்கது.

வவுனியா இவ்விரண்டினும் வேறுபட்டது. வீதியும் புகையிரதப் பாதையும் வளர்த்த சந்தை நகரம் அது. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அங்கே ஒரே கடைத்தெருவிற் பழகுகின்றனர். 1990ஆம் ஆண்டில் வடபகுதிப் புகையிரதச் சேவை துண்டிக்கப்பட்டபின், வவுனியாவே பல்லாண்டுகள் பாதையின் முடிவிடமாயிருந்தது. இடம்பெயர்ந்தோர் பலருக்கு அஃது ஒதுங்குமிடமும் ஆயிற்று. புகையிரதம் மீண்டும் கிளிநொச்சியை வந்தடைந்தது 2013ஆம் ஆண்டிலேதான்.

இவ்வாழ்வுக்கு நேர்ந்த பெருஞ்சோதனை யாவரும் அறிந்ததே. 2008ஆம் ஆண்டின் பிற்பகுதியிலிருந்து வன்னி மக்கள் ஊர் ஊராக இடம்பெயர்ந்து, முள்ளிவாய்க்கால் வரை தள்ளப்பட்டனர். 2009 மே மாதத்தில் யுத்தம் முடிவுற்றபோது, உயிர் பிழைத்தோரில் இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் வவுனியா மாவட்டத்து முகாம்களில் அடைபட்டிருந்தனர். பின்னர் கட்டங்கட்டமாக ஊர் திரும்பியபோது, கூரையுள்ள வீட்டைக் கண்டவர் சிலரே. கிணறுகள் தூர்ந்திருந்தன, வளவுகளிற் காடு வளர்ந்திருந்தது, எல்லைக் கதியால்களும் அழிந்திருந்தன. அந்நிலையில் காணியின் எல்லையைக் காட்டியது அயலவரின் ஞாபகமே. உறுதிப் பத்திரத்தைத் தொலைத்தவருக்குச் சாட்சியாய் நின்றவரும் அயலவரே. கணவனை இழந்த பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்கள் பல அப்போது மீளக் குடியமர்ந்தன. பக்கத்து வளவில் ஒரு விளக்கு எரிவதைக் கண்டு உறங்கிய இரவுகளின் அருமையை அவர்களே அறிவர்.

எனினும், சிறு நகர வாழ்வைக் குறையற்ற பொன்னுலகமாகப் புனைந்துரைப்பது உண்மைக்கு மாறாகும். எல்லாரும் எல்லாரையும் அறிந்த ஊரிலே, ஆதரவு எவ்வளவு விரைவாக வருமோ அவ்வளவு விரைவாகப் பழிச்சொல்லும் வரும். மங்கல நிகழ்ச்சியிலே விதவையை விலக்கி நிறுத்தும் வழக்கம் இன்னும் முற்றாக ஒழியவில்லை. 1977ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின்னர் மலையகத்திலிருந்து வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பல, காணி உரிமையும் சமமதிப்பும் இன்றி நெடுங்காலம் கூலிகளாகவே நடத்தப்பட்டன. 1990 ஒக்டோபரில் தமிழீழ விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது, தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி முதலிய இடங்களில் தலைமுறைகளாக அயலவராயிருந்தோரும் பிரிந்து செல்ல நேர்ந்தது. அயலவர் என்னும் சொல் யாரை உள்ளடக்குகிறது, யாரைப் புறந்தள்ளுகிறது என்பதிலேதான் ஓர் ஊரின் உண்மையான தரம் விளங்கும்.

இன்று வேறொரு வகையான அரிப்பும் நிகழ்கிறது. யுத்தம் முடிந்தபின் நுண்கடன் நிறுவனங்கள் பல ஊருக்குள் வந்தன. அயல்வீட்டுப் பெண்கள் சிலரைக் குழுவாக்கி, ஒருவருக்கு மற்றவரைப் பிணையாக்கிக் கடன் வழங்கும் முறை பரவிற்று. ஒருத்தி தவணையைச் செலுத்தத் தவறினால், அவளை நெருக்கும் பொறுப்பு அவளுடைய தோழியரின் தலையில் விழுந்தது. வேலிப் பொட்டின் வழியே அரிசி கொடுத்தவளே, அதே வழியில் வந்து பணம் கேட்க நேர்ந்தது. வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்களுக்கு அரசாங்கம் 2018ஆம் ஆண்டிலே கடன் நிவாரணம் அறிவிக்குமளவுக்கு இத்துன்பம் முதிர்ந்தது. தலைமுறைகளாகச் சேர்த்த நம்பிக்கை இங்கே பிறருடைய இலாபத்துக்கு ஈடாக வைக்கப்பட்டது என்பதே இதன் உட்பொருள். கூட்டுறவுச் சங்கத்திலும் மக்கள் தாமே பிடிக்கும் சீட்டிலும் அதே நம்பிக்கைதான் முதலாகிறது; ஆனால், அங்கே அதன் பயன் ஊருக்குள்ளேயே தங்குகிறது.

இளைஞர் வெளியேறுவதும் மற்றொரு கவலையாகும். படித்தவர் பிற நாடுகளை நாடுவதைக் குறைகூறிப் பயனில்லை. கிளிநொச்சியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியற் பீடங்கள் இயங்குகின்றன. வவுனியாவில் 2021ஆம் ஆண்டு முதல் தனிப் பல்கலைக்கழகமே உண்டு. கல்வி ஊரைத் தேடி வந்துவிட்டது. அக்கல்விக்கேற்ற தொழிலும் வந்தாலன்றி, ஊர்ப்பற்று மட்டும் இளைஞரை இருத்திவிடாது. மாலை வேளைகளில் அவர்கள் கூடும் வாசிகசாலையும் சனசமூக நிலையமும் விளையாட்டுத் திடலும் ஒளியிழக்காதிருப்பதும் அவசியமாகும்.

கிடுகு வேலிகள் இருந்த இடத்திலே இப்போது மதில்கள் எழுகின்றன. ஆண்டுதோறும் வேலியடைக்கும் செலவும் சிரமமும் மிகுந்துவிட்டபடியால், மதில் கட்டுவோரைக் குற்றம் கூறுவதற்கில்லை. தனியே வாழும் பெண்ணுக்கு அது காவலும் ஆகும். ஆனால், மதிலிலே பொட்டு வைக்கும் வழக்கம் இன்னும் ஏற்படவில்லை. அதற்கீடாக எதனை வைப்பது என்பதை அவ்வவ்வூரார் கூடித்தான் தீர்மானிக்கவேண்டும். மார்கழி மழையில் குளம் நிரம்பி வான் பாயும்போது, கட்டைப் பார்க்க இன்றும் பலர் ஓடிச் செல்கின்றனர். கட்டு உடைந்தால் நீர் எவருடைய மதிலையும் மதியாது என்பதை அவர்கள் அறிவர்.