பட்டாளத்து முழங்காலும் பென்ஷன் காகிதமும்

"பட்டாளத்துக்காரர் வீடு" என்று அடையாளம் சொல்லப்படுகிற வீடுகள் புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களில் உண்டு. அந்த வீட்டு மனிதர் பதினேழு, இருபது வருஷம் பனியிலும் மலையிலும் மூட்டை சுமந்து நடந்தவர். ஊர் திரும்பும்போது நாற்பது வயதுதான். ஆனால் திண்ணையிலிருந்து எழுந்திருக்கத் தூணைப் பிடிக்கிறார். "வயசாச்சுல்ல, முழங்கால் வலிக்கத்தான் செய்யும்" என்று நாமும் சொல்லிவிடுகிறோம், அவரும் சொல்லிக்கொள்கிறார். நாற்பது ஒரு வயதா, சொல்லுங்கள்!

இந்த வலிக்காக மாதாமாதம் ஒரு தொகை பெற வழி இருக்கிறது. 'டிஸெபிலிட்டி பென்ஷன்' என்று பட்டாளத்தார் சொல்வது இதைத்தான். விண்ணப்பம் ஒருமுறை தள்ளுபடியானதும், "போகட்டும் விடு" என்று காகிதத்தைப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுகிற வீடுகளுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் நோயைப் பார்ப்போம். மூட்டில் எலும்பும் எலும்பும் உரசாமல் இருக்க, நுனியில் வழவழப்பான குருத்தெலும்பு இருக்கிறது. அது நாளாவட்டத்தில் சிதைந்து மெலிவதைத்தான் மூட்டுத் தேய்மானம் என்கிறோம். காலையில் எழுந்ததும் கொஞ்ச நேரம் விறைப்பு, படி ஏறி இறங்கும்போது வலி, மடக்கி நீட்டினால் 'கடக்' என்ற சத்தம் எல்லாம் இதன் அறிகுறிகள். வயதும் உடல் எடையும் காரணம் என்பது உண்மையே. ஆனால் எப்போதோ பயிற்சியில் விழுந்து முழங்கால் ஜவ்வு கிழிந்தவருக்கும், வருஷக்கணக்கில் பாரம் சுமந்தவருக்கும் இது சீக்கிரமே வந்துவிடக்கூடும்.

இதை நான் மட்டும் சொல்லவில்லை. ராணுவ ஊன ஓய்வூதியத்துக்கான 1982-ம் வருஷத்து விதிகளின் இணைப்பில், பயிற்சி, அணிநடை, நெடுநேரம் நிற்பது ஆகியவற்றால் பாதிக்கப்படும் நோய்கள் என்று ஒரு பட்டியல் உண்டு. முதுகெலும்பு, மூட்டுகளின் தேய்மானமும் அதில் இருக்கிறது. அமெரிக்காவில், படையிலிருந்து வந்த ஒரு வருஷத்துக்குள் மூட்டுவாதம் குறிப்பிட்ட அளவுக்குத் தலைகாட்டினால், அது சேவையால் வந்ததென்றே எடுத்துக்கொள்கிறார்கள். இங்கே அவ்வளவு சுலபமில்லை.

ஓய்வு பெறும் சமயத்தில் உடல் தகுதி குறைந்தவர் என்று பதிவாகியிருந்தால் மருத்துவக் குழு ஒன்று பரிசோதிக்கும். அது இரண்டு விஷயங்களை எழுதும்: ஊனம் எத்தனை சதவீதம், அது சேவையால் வந்ததா அல்லது சேவையால் முற்றியதா. பணிக்காலம் முடித்து வருகிறவருக்கு 20 சதவீதமாவது இருக்கவேண்டும். பலருக்குச் சதவீதம் கிடைத்துவிடும். இரண்டாவது கேள்வியில்தான் இடி விழும். "சேவையால் ஏற்பட்டதும் அல்ல, முற்றியதும் அல்ல" என்று ஒரே வரி. பென்ஷன் தள்ளுபடி!

அந்த ஒரு வரிதான் முடிவு என்று நினைத்துவிடாதீர்கள். தரம்வீர் சிங் என்ற சிப்பாய் 1985-ல் சேர்ந்து, 1994-ல் வலிப்பு நோய் காரணமாக வெளியே அனுப்பப்பட்டார். பிறவி உடல்வாகு என்று சொல்லிப் பென்ஷன் மறுத்தார்கள். 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. சேரும்போது நோய் இருந்ததாகக் குறிப்பு இல்லையென்றால், அது சேவையில் வந்ததாகவே கொள்ள வேண்டும். இல்லையென்று நிரூபிப்பது ராணுவத்தின் பொறுப்பு. மருத்துவக் குழுவும் காரணம் எழுதவேண்டும் என்றது. தேய்மானக்காரருக்கும் இந்தத் தீர்ப்பு கைகொடுக்கும். ஒன்று மட்டும் கவனியுங்கள். 2023 செப்டம்பர் 21 முதல் புது விதிகள் வந்துவிட்டன. அதற்கு முன் ஓய்வு பெற்றவருக்குத்தான் பழைய விதி.

தொகை எவ்வளவு வரும்? நூறு சதவீத ஊனத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம் என்பது பழைய விதியின் கணக்கு. கடைசிச் சம்பளம் 60,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முழு ஊனத்துக்கு 18,000. 20 சதவீதத்துக்கு 3,600. ஆனால் 50-க்குக் கீழே இருப்பதை 50 என்று உயர்த்திக் கணக்கிடும் சலுகை ஒன்று உண்டு. பணிக்காலம் முடித்து ஓய்வு பெற்றவருக்கும் அது பொருந்தும் என்று ராம் அவதார் வழக்கில் 2014 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்படியானால் 3,600 என்பது 9,000 ஆகிறது. அதற்கு மேல் அகவிலைப்படி வேறு. பிள்ளைகளின் படிப்புக்கு இது சின்னத் தொகையா?

சரி, வீட்டில் என்ன செய்யலாம்? பெட்டியைத் திறந்து டிஸ்சார்ஜ் புத்தகம், பென்ஷன் ஆணை, தள்ளுபடிக் கடிதம், பழைய ஆஸ்பத்திரிச் சீட்டுகள் எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவக் குழுவின் அறிக்கை கையில் இல்லையென்றால், அவருடைய பதிவு அலுவலகத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் பத்து ரூபாய் கட்டணத்தோடு எழுதிக் கேட்கலாம். மதராஸ் ரெஜிமெண்ட்காரருக்கு அது நீலகிரி வெல்லிங்டனில் இருக்கிறது. தள்ளுபடிக் கடிதம் வந்த ஆறு மாதத்துக்குள் முதல் மேல்முறையீடு செய்யவேண்டும். அதிலும் இல்லையென்றால் இரண்டாவது மேல்முறையீடு. அதற்கும் பிறகு, சென்னையில் இருக்கும் ஆயுதப் படைத் தீர்ப்பாயம். மனு எழுதத் தெரியவில்லையே என்று மலைக்காதீர்கள். புதுக்கோட்டையிலேயே முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. வழி கேட்க அதுவே முதல் வாசல்.

தாமதம் செய்தால் நஷ்டம் நமக்குத்தான். தர்சேம் சிங் என்பவர் 1983-ல் வெளியே வந்தார், 1999-ல்தான் நீதிமன்றம் போனார். பென்ஷன் உண்டு, ஆனால் பாக்கி மூன்று வருஷத்துக்கு மட்டுமே என்று 2008-ல் உச்ச நீதிமன்றம் முடித்துவிட்டது. மற்ற வருஷங்களின் பாக்கி போனது போனதுதான்.

எல்லோருக்கும் கிடைத்துவிடும் என்று ஆசை காட்ட எனக்கு மனமில்லை. முழுத் தகுதியோடு ஓய்வு பெற்று, பதினைந்து வருஷம் கழித்து வலி வந்தால் கோரிக்கை நிற்பது கடினம். அந்தப் பேருக்கு வக்கீல் வீட்டுக்கு அலைந்து நகையை அடகு வைக்காதீர்கள்.

இன்னொன்று, மனைவிமார்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது. கணவர் காலமாகிவிட்டால் இந்தத் தொகை தொடராது. குடும்ப ஓய்வூதியம் வேறு கணக்கு. ஆனால் அவர் உயிரோடிருந்த காலத்துக்கு வரவேண்டிய பாக்கியைக் கேட்டு மனைவி வழக்கு நடத்தலாம். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு என்று 1987-ம் வருஷச் சட்டமே சொல்கிறது. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள்.

இனி அவருடைய காலைக் கொஞ்சம் பார்ப்போம். தைலம் தேய்த்தால் இதமாக இருக்கும், தேய்ந்த குருத்தெலும்பு வளராது. கடையில் வாங்கிய வலி மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கினால் வயிறும் சிறுநீரகமும் கெடும். ஒரு கிலோ எடை குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் பாரம் நாலு கிலோ குறைகிறது என்று ஆய்வில் கண்டிருக்கிறார்கள். எனவே ராத்திரிச் சோற்றில் ஒரு கரண்டி குறையுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து காலை நேரே நீட்டி, பத்து எண்ணும்வரை நிறுத்தி இறக்கும் பயிற்சி தொடைத் தசைக்கு நல்லது. டாக்டரைக் கேட்டுக்கொண்டு ஆரம்பிக்கலாம்.

வருஷங்கள் போகப் போகத் தேய்மானம் அதிகமானால், சதவீதத்தை மறுபடி பார்க்கும்படி மருத்துவக் குழுவைக் கேட்கலாம். இங்கேதான் நம் ஆட்கள் கோட்டை விடுகிறார்கள். டாக்டர் "எப்படி இருக்கீங்க?" என்றதும் விறைப்பாக நிமிர்ந்து "பரவாயில்லை சார்" என்றுவிடுவார்கள். பட்டாளத்துப் பழக்கம்! டாக்டரும் அதையே எழுதிக்கொள்வார். ஆகவே போவதற்கு ஒரு மாதம் முன்பே ஒரு நோட்டு போடுங்கள். கழிப்பறையில் குத்துக்காலிட்டு உட்கார முடியவில்லை, பந்தியில் தரையில் உட்கார முடியவில்லை, பஸ் படியில் யாராவது கைகொடுக்க வேண்டியிருக்கிறது, ராத்திரி இரண்டு தரம் வலியில் விழிக்கிறார் என்று தேதி போட்டு எழுதி, உள்ளே போகும்போது அவர் சட்டைப்பையில் வைத்து அனுப்புங்கள்.