செம்பனைக் காட்டில் போக்கிமோன் இல்லை

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் ஒரு கைத்தொலைபேசி விளையாட்டு. "இதையெல்லாமா உட்கார்ந்து பேசுவது?" என்று பெரியவர்கள் முகம் சுளிக்க வேண்டாம். விளையாட்டு ஒரு சாக்குதான். கெடா மாநிலத்தின் எந்த இடம் உலக வரைபடத்தில் இருக்கிறது, எந்த இடம் இல்லை, அதை யார் முடிவு செய்கிறார்கள் என்பதே நம் பேச்சு.

2016 ஆகஸ்ட் 6, சனிக்கிழமை. அன்றுதான் 'போக்கிமோன் கோ' மலேசியாவுக்கு முறைப்படி வந்தது. சிங்கப்பூர், தாய்லாந்து, இந்தோனேசியா போன்ற அண்டை நாடுகளுக்கும் அதே நாளில் திறந்துவிட்டார்கள். அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் ஜூலை 6-ஆம் தேதியே வெளியாகியிருந்தது. இடையில் ஒரு மாதம் பொறுக்க முடியாதவர்கள் குறுக்கு வழியில் அதைத் தரவிறக்கினார்கள். அப்படி உலவிய பிரதிகளுள் ஒன்றில், கைத்தொலைபேசியையே பிறர் கட்டுப்பாட்டுக்குக் கொண்டுபோகும் நச்சு நிரல் ஒட்டியிருந்ததை இணையப் பாதுகாப்பு நிறுவனம் ஒன்று அந்த ஜூலையிலேயே கண்டுபிடித்துச் சொன்னது. அவசரத்துக்கு எப்போதும் ஒரு விலை உண்டு.

அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பது உங்களுக்கே நினைவிருக்கும். பட்டணத்துப் பூங்காக்களிலும் பேரங்காடி வாசல்களிலும் பிள்ளைகள் தலையைக் குனிந்தபடி கூட்டங்கூட்டமாக நின்றார்கள். அலுவலகம் விட்டு வந்த பெரியவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். சிங்கப்பூரில் ஹவ்காங் வட்டாரத்தில் ஒரே ஓர் அடுக்குமாடி வீட்டுத் தொகுதியைச் சுற்றி நள்ளிரவு வரைக்கும் கூட்டம் கலையவில்லை.

இது எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் பார்ப்போம். வானத்தில் சுற்றும் துணைக்கோள்களின் சமிக்ஞையை வைத்து நாம் நிற்கும் இடத்தைக் கைத்தொலைபேசி கணக்கிடுகிறது. 2000-ஆம் ஆண்டு மே மாதம் வரைக்கும் அமெரிக்க அரசாங்கம் பொதுமக்களுக்கான சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து விட்டிருந்தது. அந்தப் பிழையை நீக்கிய சில நாள்களுக்குள்ளேயே, பெட்டியை ஒளித்து வைத்து இடக்குறிப்பைக் கொண்டு தேடிப் பிடிக்கும் ஆட்டம் அமெரிக்காவில் தொடங்கிவிட்டது. போக்கிமோன் கோவின் மூத்த அண்ணன் என்று அதைச் சொல்லலாம்.

இடம் தெரிந்த பிறகு, கைத்தொலைபேசியில் உள்ள திசைகாட்டியும் சாய்வை உணரும் கருவியும் நாம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறோம் என்று சொல்லும். படக்கருவி காட்டும் காட்சியின் மேல் ஒரு பொம்மை உருவத்தை வரைந்து வைத்தால், நம் வீட்டு ஐந்தடியில் மஞ்சள் நிறப் பிராணி ஒன்று நிற்பது போலத் தெரியும். இதைத்தான் 'மிகை மெய்ம்மை' என்கிறார்கள். உண்மையைச் சொன்னால், மின்கலம் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது என்று பலரும் அந்தப் படக்கருவி வசதியை அடைத்துவிட்டே விளையாடினார்கள். மாயம் படக்கருவியில் இல்லை, வரைபடத்தில் இருக்கிறது. உங்கள் ஊரின் வரைபடமே ஆட்டக்களமாகிவிடுகிறது.

பூச்சி பிடிக்கும் ஆசையில் பிறந்த விளையாட்டு இது. ஜப்பானில் 1996-இல் முதல் போக்கிமோன் விளையாட்டை உருவாக்கிய சத்தோஷி தாஜிரி சிறு வயதில் பூச்சி சேகரித்தவர். நகரம் வளர்ந்து வயல்கள் மறைந்தபின், அந்த இன்பத்தை அடுத்த தலைமுறைக்குத் திரையிலாவது கொடுக்க நினைத்தார். பொன்வண்டையும் சண்டைச் சிலந்தியையும் தீப்பெட்டிக்குள் வளர்த்த நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இந்த ஆசையைப் புதிதாக விளக்க வேண்டியதில்லை.

வேடிக்கை என்னவென்றால், பூச்சி நிறைந்த தோட்டத்தில்தான் போக்கிமோன் இல்லாமல் போயிற்று. பீடோங், பாடாங் செராய், கூலிம் வட்டாரங்களில் உள்ள தோட்டம் ஒன்றில் நின்றுகொண்டு இந்த விளையாட்டைத் திறந்தால் திரையில் பச்சை நிறம்தான் விரிந்து கிடக்கும். காரணம் இல்லாமல் இல்லை.

இதை உருவாக்கிய நியாண்டிக் நிறுவனம் கூகுளிலிருந்து 2015-இல் பிரிந்து வந்தது. தலைவர் ஜான் ஹான்கி, கூகுள் எர்த்துக்கு மூலமான நிறுவனத்தை நடத்தியவர். போக்கிமோனுக்கு முன்பே 'இங்கிரஸ்' என்ற விளையாட்டை அவர்கள் நடத்திக்கொண்டிருந்தார்கள். வரலாற்றுச் சின்னங்களின் பட்டியல், இடக்குறிப்புள்ள படங்கள் ஆகியவற்றில் தொடங்கி, பிறகு விளையாடியவர்களையே தங்கள் ஊரில் உள்ள சிலை, மணிக்கூண்டு, கோயில், சுவரோவியம் ஆகியவற்றைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னார்கள். ஏறத்தாழ ஒன்றரைக் கோடிப் பரிந்துரைகள் வந்து, அரைக் கோடி ஏற்கப்பட்டதாக ஹான்கியே கூறியிருக்கிறார். அந்தப் பட்டியல்தான் போக்கிமோன் கோவில் பிள்ளைகள் பந்து வாங்கும் 'நிறுத்தங்களாக' மாறியது. புதிய பரிந்துரை வாங்குவதை 2015-லேயே நிறுத்திவிட்டார்கள். ஆக, ஆட்டம் தொடங்குமுன்பே வரைபடம் மூடப்பட்டுவிட்டது.

இங்கிரஸ் விளையாடியவர்கள் யார்? நல்ல கைத்தொலைபேசியும் அதிவேக இணையமும் வைத்திருந்த பட்டணத்து இளைஞர்கள். அலோர் ஸ்டாரின் ஜாஹிர் பள்ளிவாசல், பாலாய் பெசார், சுங்கைப் பட்டாணி மணிக்கூண்டு போன்ற அடையாளங்கள் அவர்கள் கண்ணில் படும். ஆறு மைல் உள்ளே, செம்பனைக்கு நடுவில், பால்மரக் காலத்தில் நம் பாட்டன்மார் கட்டிய மாரியம்மன் கோயில் எப்படிப் படும்? அமெரிக்காவிலும் இதே கதைதான். கிராமப்புறங்களிலும் கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளிலும் நிறுத்தங்கள் குறைவு என்று அங்குள்ள பத்திரிகைகள் 2016-லேயே எழுதின. நிறுவனம் யாரையும் வேண்டுமென்று ஒதுக்கவில்லை. யார் பட்டியல் போட்டார்களோ அவர்கள் ஊர்தான் பட்டியலில் இருந்தது.

தோட்டத்துப் பிள்ளை என்ன செய்வான்? மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பட்டணத்துக்குப் போவான். அங்கேதான் எனக்குப் பயம். அதே 2016 ஆகஸ்டில் ஜப்பானின் தொக்குஷிமாவில், இந்த விளையாட்டை ஆடிக்கொண்டே வண்டி ஓட்டியவர் மோதி ஒரு பெண்மணி உயிரிழந்தார். வேகமாகப் போனால் 'நான் ஓட்டுநர் அல்ல' என்று உறுதி சொல்லச் சொல்லும் எச்சரிக்கையைச் சேர்த்திருந்தார்கள். ஒரு பொத்தானை அழுத்தினால் அது மறைந்துவிடும். இரண்டு சக்கரத்தில் போகிறவனுக்கு அது எந்த மட்டுக்கும் காவல் என்று நீங்களே யோசியுங்கள்.

சமயம் தொடர்பான கேள்விகளும் எழுந்தன. கூட்டரசுப் பிரதேச முஃப்தி அந்த ஆகஸ்டிலேயே முஸ்லிம்கள் இதைத் தவிர்க்க வேண்டும் என்றார். இந்தியாவில் வேறு விதமான சிக்கல். இந்த ஆட்டத்தில் முட்டைகள் உண்டு. இரண்டு, ஐந்து, பத்து கிலோமீட்டர் நடந்தால் அவை பொரியும். கோயில் வளாகத்தில் முட்டை கிடைப்பது மனத்தைப் புண்படுத்துகிறது என்று குஜராத் உயர்நீதிமன்றத்தில் பொதுநல மனு போனது. நீதிமன்றமும் 2016 செப்டம்பரில் விளக்கம் கேட்டு அறிக்கை அனுப்பியது. விளையாட்டு அங்கே அதிகாரபூர்வமாக வந்ததே டிசம்பரில்தான்! வாஷிங்டனில் யூத இனப்படுகொலை நினைவு அருங்காட்சியகம், தயவுசெய்து இங்கே விளையாடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டதை மட்டும் நான் முழு மனத்துடன் ஏற்கிறேன். துக்கம் காக்கும் இடத்தில் பொம்மை பிடிக்க அலைவது அழகல்ல.

பிள்ளைகள் அடிமையாகிவிட்டார்கள் என்ற கூக்குரலோ கொஞ்சம் மிகை. ஹார்வர்ட் ஆய்வாளர்கள் (பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தைச் சொல்லவில்லை, அமெரிக்கப் பல்கலைக்கழகத்தைச் சொல்கிறேன்) 2016 டிசம்பரில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஒரு முடிவை வெளியிட்டார்கள். விளையாடத் தொடங்கிய முதல் வாரத்தில் ஒருவர் நாளொன்றுக்குச் சராசரி 955 அடிகள் கூடுதலாக நடந்தார். ஆறாவது வாரத்தில் பழைய நிலைக்கே திரும்பிவிட்டார். நன்மையும் ஆறு வாரம், பித்தும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

வரைபடத்துக்குத் திரும்புவோம், ஏனென்றால் அந்தக் கதை ஆறு வாரத்தில் முடியவில்லை.

பட்டியலில் இல்லாத இடத்துக்கு என்ன ஆகும் என்பதைக் கெடா மக்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? 2013-ஆம் ஆண்டின் இறுதியில், பூஜாங் பள்ளத்தாக்கின் பதினோராம் எண் சண்டி ஒரு மேம்பாட்டாளரால் இடிக்கப்பட்ட செய்தி வெளிவந்தது. கடாரத்தின் பழம்பெருமைக்குச் சாட்சியாக நின்ற ஒன்று. தனியார் நிலம், மரபுச் சின்னமாக அரசாங்கப் பதிவிதழில் இடம்பெறவில்லை என்று விளக்கம் சொன்னார்கள். ஆயிரம் ஆண்டுப் பழமைக்கே இந்தக் கதி என்றால், தோட்டம் துண்டாடப்பட்டு மக்கள் தாமான்களுக்கு இடம்பெயர்ந்தபின், செம்பனைக்கு நடுவில் தனியே நிற்கும் கோயிலுக்கு யார் சாட்சி?

இதற்கும் விளையாட்டுக்கும் முடிச்சுப் போடுவது பொருந்துமா என்று கேட்கலாம். போக்கிமோன் நிறுத்தம் ஒரு கோயிலையும் காப்பாற்றாது, உண்மைதான். ஆனால், பெயர், படம், இடக்குறிப்பு மூன்றும் சேர்ந்த ஒரு பதிவாவது மிஞ்சும்.

அந்தக் கதவு பிறகு திறந்தது. 2019 முதல், உயர்ந்த நிலையை எட்டிய விளையாட்டாளர்கள் புதிய இடங்களைப் பரிந்துரைக்கலாம் என்றார்கள். மற்ற விளையாட்டாளர்கள் ஆராய்ந்து வாக்களிப்பார்கள். நிபந்தனைகளைக் கவனியுங்கள். தனியார் குடியிருப்பு கூடாது. நடந்து போகப் பாதுகாப்பான வழி வேண்டும். ஆரம்ப, இடைநிலைப் பள்ளிகளுக்கு இடமில்லை. ஆகவே நம் தமிழ்ப்பள்ளிகள் இதில் வராது, வரவும் வேண்டாம். முன்பின் தெரியாதவர்கள் பள்ளி வேலியோரம் நிற்பதை எந்தத் தாயும் விரும்பமாட்டார். கோயிலுக்குக்கூடத் தோட்ட நிர்வாகத்தையும் ஆலயக் குழுவையும் கேட்டுவிட்டுச் செய்வதே முறை.

இன்னொன்றும் உண்டு. நாம் அனுப்பும் படங்கள் எங்கே போகின்றன? விளையாட்டாளர்கள் பதிவு செய்து கொடுத்த காட்சிகளைக் கொண்டு, இடங்களைக் கண்டு உணரும் செயற்கை நுண்ணறிவை உருவாக்குவதாக நியாண்டிக் 2024 நவம்பரில் அறிவித்தது. 2025-இல் விளையாட்டுத் தொழிலை 350 கோடி டாலருக்கு, சவூதி அரேபிய நிதியின் கீழ் உள்ள ஸ்கோப்லி நிறுவனத்துக்கு விற்றுவிட்டு, வரைபடத் தொழில்நுட்பத்தைத் தனி நிறுவனமாக ஹான்கி தன் பக்கம் வைத்துக்கொண்டார். பொம்மையை விற்றார், வரைபடத்தை விற்கவில்லை. எது பொன் முட்டை என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

நம் இளைஞர்களுக்கு அதைவிடச் சுலபமான வழி ஒன்று இருக்கிறது. போக்கிமோன் கோ 2017 டிசம்பர் முதல் 'ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்' என்ற பொது வரைபடத்தைப் பயன்படுத்தத் தொடங்கியது. யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம், காசில்லை, எந்த நிலையையும் எட்ட வேண்டியதில்லை. அரிய பிராணி வரட்டும் என்று இல்லாத பூங்காவை அதில் வரைந்த குறும்பர்களும் உண்டு. மற்றவர்கள் தேடித் தேடி அழித்தார்கள். தோட்டத்துச் செம்மண் சாலை, பழைய லயம் இருந்த இடம், கோயில், இடுகாடு எல்லாவற்றையும் அங்கே குறிக்கலாம். பெயரை மலாயிலும் தமிழிலும் எழுத இடமுண்டு. கோயில் எந்த ஆண்டு கட்டியது, தோட்டத்தின் பழைய பெயர் என்ன என்பதற்கு மட்டும் இணையத்தில் தேடிப் பயனில்லை. இப்போது தாமான் வீட்டில் இருக்கும் தாத்தாவையும் ஆயாவையும்தான் கேட்க வேண்டும்.