நீங்க கர்ணனா, விகர்ணனா?

கரையான்சாவடியில் ஆவடி ரோடு திரும்புகிற முனையில், காலை எட்டு மணிக்கு ஒரு டீயை வாங்கிக்கொண்டு நின்றால் போதும். மகாபாரதத்தின் பாதிப் பாத்திரங்களைப் பார்த்துவிடலாம். பஸ்ஸில் தொங்குகிற பீமன்கள், செல்போனில் காய் உருட்டித் தோற்கிற தருமர்கள், கண் தெரிந்தும் தெரியாத மாதிரி போகிற திருதராஷ்டிரர்கள்... சாவடி என்றாலே நாலு பேர் உட்கார்ந்து கதை பேசுகிற இடம்தானே!

அன்றைக்கு என் நண்பன் டீ டம்ளரை டொக்கென்று வைத்தான். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறவன். ஏழு வருஷமாகப் பிரமோஷன் இல்லை.

"நான் கர்ணன்டா! திறமை இருந்தும் எவனும் மதிக்கல. எங்க மேனேஜர் ஒருத்தர்தான் என்னை நம்பி வேலை குடுத்தாரு. அவரு தப்பே பண்ணாலும் நான் அவர் பக்கம்தான்."

பாய்லருக்குப் பின்னாலிருந்து டீ மாஸ்டரும் தலையை ஆட்டினார். அவரும் கர்ணன் போலிருக்கிறது.

யோசித்துப் பார்த்தால், எனக்குத் தெரிந்த எல்லா ஆபீஸிலும் எல்லோரும் கர்ணன்தான். செக்‌ஷனில் பன்னிரண்டு பேர் இருந்தால் பன்னிரண்டு கர்ணன்கள். அர்ஜுனன் மட்டும் எப்போதும் பக்கத்து செக்‌ஷனில் இருப்பான். முதலாளிக்குத் தூரத்துச் சொந்தமாகவும் இருப்பான்.

ஏன் ஸார் இந்த ஆள் மேல் நமக்கு இவ்வளவு பிரியம்?

பாதிப் பொறுப்பு சிவாஜிக்கு. 1964-ல் பி.ஆர்.பந்துலு எடுத்த 'கர்ணன்' படத்தில் அம்பு தைத்துச் சாய்ந்து கிடந்த சிவாஜியைப் பார்த்து அழாதவர்கள் குறைவு. 2012-ல் அதை டிஜிட்டலில் மெருகேற்றி மறுபடி வெளியிட்டபோது, படம் வந்த வருஷத்தில் பிறந்தே இராத பையன்களும் வரிசையில் நின்றார்கள். நடுவில் 1991 தீபாவளிக்கு மணிரத்னத்தின் 'தளபதி'. கர்ணனுக்கு சூர்யா என்று பெயர், துரியோதனனுக்கு தேவா. அதில் துரியோதனன் சாகிறான், கர்ணன் பிழைத்து அம்மாவோடு இருக்கிறான். (ரஜினியைச் சாகடித்துவிட்டு மணிரத்னம் தீபாவளி கொண்டாட முடியுமா?) 2021-ல் மாரி செல்வராஜின் 'கர்ணன்' இன்னொரு தினுசு. பஸ் நிற்காத ஒரு கிராமம், தனுஷ் கையில் வாள், போலீஸ் அதிகாரியின் பெயர் கண்ணபிரான்! இந்தக் கர்ணன் எந்த ராஜாவுக்கும் கடன்படாதவன், ஊருக்காக நிற்கிறவன். பஸ் நிற்காத அருமை, ஸ்டாப்பில் நின்று கையைக் காட்டிக் காட்டி ஓய்ந்தவனுக்குத்தான் தெரியும்.

சினிமாவுக்கு முன்னாலேயே தெருக்கூத்தில் 'கர்ண மோட்சம்' விடிய விடிய நடந்துகொண்டிருந்தது. அதில் கர்ணனை அதிகம் குத்துவது அர்ஜுனன் அம்பு இல்லை, பெண்டாட்டி பொன்னுருவியின் பேச்சு. யாருக்குப் பிறந்தவன் என்று தெரியாத ஒருவனுக்கு வாழ்க்கைப்பட்டேனே என்று அவள் ஒதுக்கி வைத்திருக்கிறாள். நாளைக்குச் சாகப் போகிற மனுஷன் வீட்டு வாசலில் நின்று மரியாதைக்காகக் கெஞ்சுகிற காட்சி அது. வெளியில் வள்ளல், வீட்டில் பூஜ்யம். கல்யாணமான வாசகர்கள் இந்த இடத்தில் ஒரு பெருமூச்சு விட்டுக்கொள்ளலாம்.

வள்ளல் என்றதும் ஞாபகம் வருகிறது. எங்கள் அடுத்த ஸ்டாப் பெயரே குமணன்சாவடி. தன் தலைக்கு வைத்த விலையையாவது புலவன் வாங்கிக்கொள்ளட்டும் என்று வாளை நீட்டிய சங்க கால வள்ளலின் பெயரைத் தினமும் கண்டக்டர் கூவிக்கொண்டு போகிறார். யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. குமணனுக்கு ஒரு சிவாஜி கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

விஷயத்துக்கு வருகிறேன். கர்ணன் மேல் நமக்குள்ள மயக்கத்தின் மையம் செஞ்சோற்றுக் கடன். வில்லிபாரதத்தில் குந்தி வந்து, "நீ என் மகன், அந்தப் பக்கம் வந்துவிடு" என்று அழைக்கும்போது கர்ணன் ஒரு பழைய சம்பவத்தைச் சொல்கிறான். துரியோதனன் மனைவியோடு தனியாக இருந்தபோது அவள் மேகலை அறுந்து மணிகள் சிதறின. அந்த நேரம் பார்த்து உள்ளே வந்த துரியோதனன் துளிகூடச் சந்தேகப்படவில்லை. பொறுக்கித் தரட்டுமா, கோத்துத் தரட்டுமா என்றுதான் கேட்டானாம். இப்படிப்பட்டவனை விட்டு எப்படி வருவேன் என்கிறான். இந்தக் காட்சி வியாசரிடம் கிடையாது. நட்புக்கு இதைவிடப் பெரிய சர்டிபிகேட் யார் தருவார்கள்? நமக்குப் புல்லரிக்கிறது.

ஆனால் நான் பி.காம். படித்தவன். கடன் என்று காதில் விழுந்தால், யார் கணக்கில் பற்று எழுதினார்கள் என்று பார்க்கிற புத்தி போகமாட்டேன் என்கிறது. பார்த்தேன். அங்கேதான் உதைத்தது.

சூதாட்ட சபை. திரௌபதியை இழுத்து வந்துவிட்டார்கள். பீஷ்மர் தர்மம் மிகவும் நுட்பமானது என்று மழுப்புகிறார். (இன்றைக்கு என்றால் 'கமிட்டி போடலாம்' என்றிருப்பார்.) கௌரவர்களிலேயே விகர்ணன் என்று ஒரு தம்பி எழுந்து நிற்கிறான். தன்னை முதலில் பணயம் வைத்துத் தோற்ற தருமனுக்கு அப்புறம் மனைவியைப் பணயம் வைக்க என்ன உரிமை இருக்கிறது? அவள் ஐவருக்கும் பொதுவாயிற்றே, ஒருவன் மட்டும் எப்படி வைக்கலாம்? அவளை வைக்கச் சொல்லித் தூண்டிவிட்டதே சகுனிதானே? ஒரு நல்ல வக்கீல் மாதிரி அடுக்குகிறான். சபையில் ஆரவாரம்.

அவன் வாயை அடைத்தது யார் தெரியுமா? துரியோதனன் இல்லை, துச்சாதனன் இல்லை. நம்ம கர்ணன்! சின்னப் பையன், உனக்கென்ன தெரியும் என்று அதட்டுகிறான். திரௌபதியை வாயில் சொல்லக் கூசுகிற வார்த்தையால் ஏசுகிறான். அவள் சேலையையும் களையச் சொன்னது அவன்தான். வியாசரில் அப்படித்தான் இருக்கிறது. பாரதி 'பாஞ்சாலி சபத'த்தில் விகர்ணனுக்கும் கர்ணன் பதிலுக்கும் தனித்தனியாக இடம் ஒதுக்கியிருக்கிறார், மறைக்கவில்லை.

ஆக, துரியோதனனிடம் வாங்கிய கடனைக் கர்ணன் திரௌபதி கணக்கில் எழுதித் தீர்த்தான்.

ஏன் அப்படிப் பேசினான்? பின்னால் போருக்கு முன்பு, கண்ணனிடம் அவனே ஒப்புக்கொள்கிறான். துரியோதனனைச் சந்தோஷப்படுத்தத்தான் பாண்டவர்களை அன்றைக்குக் கடுமையாகப் பேசினேன், இப்போது அதை நினைத்து வேகிறேன் என்கிறான். எனக்குக் கர்ணன் மேல் நிஜமான மரியாதை வந்தது இந்த இடத்தில்தான். கவச குண்டலத்தைக் கழற்றிக் கொடுத்தபோது அல்ல.

நண்பனிடம் இத்தனையும் சொன்னபோது, "நீ என்ன பெரிய விகர்ணனா?" என்றான்.

இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். முன்பு நான் வேலை பார்த்த ஆபீஸில் வருஷக் கணக்கு முடிக்கும்போது ஒரு ஸ்டேட்மென்ட் தப்பாகப் போய்விட்டது. தப்பு மேனேஜருடையது. பழி, டைப் அடித்துக் கொடுத்த ஓர் அம்மாள் மேல் விழுந்தது. மீட்டிங்கில் மேனேஜர் என் பக்கம் திரும்பி, "நீ என்னப்பா சொல்றே?" என்றார். என் வேலையை நிரந்தரம் பண்ணியவர் அவர். "அந்தம்மா கொஞ்சம் கவனமா இருந்திருக்கலாம் ஸார்" என்றேன். டிரெயினியாக வந்திருந்த ஒரு பையன் எழுந்து, "ஸார், அதுல உங்க இனிஷியல் இருக்கே" என்றான். ரூமில் ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. "நீ சின்னப் பையன், உட்காரு" என்ற குரல்.

மேனேஜர் குரல் இல்லை. என் குரல்.

அந்த அம்மாள் அடுத்த மாசமே வேலையை விட்டுவிட்டார். போகிற அன்றைக்கு எல்லோருக்கும் சாக்லேட் கொடுத்தார். எனக்கும் கொடுத்தார். இன்க்ரிமென்ட்டும் அந்த வருஷம் கொஞ்சம் கூடுதலாகவே வந்தது.

நண்பன் வெகுநேரம் பேசவில்லை. இரண்டாவது டீ சொன்னான். அவன் ஆபீஸிலும் ஏதோ ஒரு மீட்டிங் நடந்திருக்கிறது என்று தோன்றியது, கேட்கவில்லை.

"சரி, அந்த விகர்ணன் கடைசியில என்ன ஆனான்?"

"அதே கௌரவர் பக்கம் நின்னு சண்டை போட்டான். பீமன் நூறு பேரையும் கொல்றதா சபதம் போட்டிருந்தானே, இவனையும் கொன்னான். கொன்னுட்டு வருத்தப்பட்டான்."

"சபையில அவ்வளவு பேசிட்டு, அப்புறமும் அதே கம்பெனியிலயா இருந்தான்?"

"இருந்தான்."

"வீட்டு லோன் இருந்திருக்கும்டா பாவம்" என்றவன், ஆவடி பஸ் திரும்புவதைப் பார்த்து, டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஓடினான்.