எம்டனுக்குப் பேரன் உண்டு!

தாத்தாவின் பெயரைத் தாங்குபவன் பேரன். பெயரன் என்பதே பேரன் ஆயிற்று. குடிசையாயினும் மாளிகையாயினும் தமிழன் வீட்டு வழக்கம் அது. மனிதனுக்கு மட்டுமா? போர்க்கப்பலுக்கும் பேரன் உண்டு, தோழர்களே!

எம்டனை அறியாதவர் இராயபுரத்தில் யார்? 1914 செப்டம்பர் 22. முதல் உலகப்போர் மூண்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை. இரவு ஒன்பதரை மணி. துறைமுக விளக்குகள்கூட அணைக்கப்படவில்லை. அந்த ஜெர்மன் கப்பல் சென்னைமீது ஏறத்தாழ 130 குண்டுகளைப் பொழிந்தது. பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகள் பற்றி எரிந்தன. ஐந்து பேராவது மாண்டனர். கடலுக்கே அரசன் நான் என்று மார்தட்டிய வெள்ளை ஏகாதிபத்தியம் வாயடைத்து நின்றது. மக்கள் மூட்டை முடிச்சோடு ஊரைவிட்டு ஓடினர்.

அதே ஆண்டு நவம்பர் 9ஆம் நாள், கோக்கோஸ் தீவருகே ஆஸ்திரேலியாவின் சிட்னி என்னும் கப்பல் எம்டனை அடித்து நொறுக்கியது. கப்பல் ஒழிந்தது. பெயர் ஒழிந்ததா? இல்லை! 1916இல் இன்னொரு எம்டனைக் கடலில் இறக்கினர். மூத்ததன் வீரத்துக்காக அதன் முகப்பில் இரும்புச் சிலுவை பொறித்தனர். 1925இல் மூன்றாவது, அது 1945இல் போரோடு அழிந்தது. 1961இல் நான்காவது, 1983இல் ஐந்தாவது. இப்போது ஆறாவதற்கும் அதே பெயர்! முதல் எம்டனில் உயிர் தப்பிய மாலுமிகள் தங்கள் குடும்பப் பெயரோடு எம்டன் என்று சேர்த்துக்கொள்ள ஜெர்மன் அரசே இசைவு தந்தது.

நாமோ? சுட்டவன் பெயரைத் தமிழ்ச் சொல்லாக்கிக் கொண்டோம். தந்திரக்காரனைக் கண்டால், "சரியான எம்டன்டா இவன்" என்கிறோம். குண்டு விழுந்த இடத்தைக் காட்ட உயர்நீதிமன்ற மதிலில் கல் இருக்கிறது. குண்டுக்குப் பலியானவர் பெயர்? நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

பழங்கதைதானே என்று தள்ளாதீர்கள். எண்ணெய் இருக்கும் இடத்தைத்தான் எதிரியின் பீரங்கி முதலில் தேடும். அன்று துறைமுகத்தோரத் தொட்டிகள். இன்று மணலியில் சுத்திகரிப்பு ஆலை, எண்ணூரில் இன்னொரு துறைமுகம், திருவொற்றியூரில் தொழிற்சாலைகள். அங்கெல்லாம் வேர்வை சிந்துபவன் யார்? நம் தோழன். போர் வந்தால் முதலில் சாகிறவனும் அவனே. ஆலையில் விபத்து வந்தாலும் அவனே.

இரும்புக்குப் பெயர் சூட்டிப் போற்ற அரசுகள் இருக்கின்றன. உழைத்து மாண்டவன் பெயரைச் சொல்ல நாம்தான் இருக்கிறோம். சங்கக் கட்டடத்துச் சுவரில் அவன் பெயரை எழுதுங்கள். பிள்ளைகளுக்குச் சூட்டுங்கள். கப்பலுக்குப் பேரன் இருக்கையில், தொழிலாளிக்கு இருக்கக் கூடாதா?