பாகத்தை மாற்றும் முன் அளந்து பாருங்கள்

பழைய கார் வாங்கியவர்கள் அடிக்கடி சொல்லும் புகார் இது: "ராத்திரி நல்லாத்தான் ஓடுச்சு, காலையில ஸ்டார்ட் ஆகல." அதற்குப் பிறகு நடப்பதும் பெரும்பாலும் ஒரே கதைதான். முதலில் புது பேட்டரி வாங்குவார்கள். சில நாளில் வண்டி மறுபடி நிற்கும். செல்ஃப் மோட்டாரைக் கழற்றுவார்கள், அடுத்து ஆல்டர்னேட்டர். எல்லாவற்றுக்கும் பணம் கொடுத்து முடித்த பிறகு, இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் எர்த் வயர் துருப்பிடித்துக் கிடந்தது தெரியவரும்.

இந்தச் செலவைத் தவிர்க்க ஒரு சாதாரண மல்டிமீட்டரும் கொஞ்சம் பொறுமையும் போதும். மாருதி 800-ஐ வைத்தே பார்ப்போம். 1983 இறுதியில் வந்து 2014 வரை தயாரான வண்டி. 796 சிசி, மூன்று சிலிண்டர், எளிமையான வயரிங். இதில் கற்றுக்கொண்டால் மற்ற பழைய வண்டிகளுக்கும் கை பழகிவிடும்.

முதலில் காதைக் கொடுங்கள். ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். சத்தமே இல்லை, விளக்கு மட்டும் பளிச்சென்று எரிகிறது என்றால், சாவியிலிருந்து செல்ஃப் மோட்டாருக்குக் கட்டளை போய்ச் சேரவில்லை. இக்னிஷன் சுவிட்சையும் அங்கிருந்து போகும் வயரையும் பார்க்க வேண்டும். விளக்கு சட்டென்று மங்கி "டிக் டிக் டிக்" என்று வேகமாக அடித்தால், செல்ஃப் மோட்டாரின் காந்த சுவிட்சான சோலனாய்டு உள்ளே இழுக்கிறது, மோட்டாரின் பாரம் ஏறியதும் வோல்டேஜ் விழுகிறது, சோலனாய்டு விட்டுவிடுகிறது, வோல்டேஜ் ஏறியதும் மறுபடி இழுக்கிறது. மின்சாரம் போதவில்லை என்பதற்கு இதுதான் அடையாளம். ஒரே ஒரு "டொக்" சத்தம் வந்து அப்படியே நின்றால், சோலனாய்டின் காண்டாக்ட் தேய்ந்திருக்கலாம், மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். செல்ஃப் நன்றாகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்கவில்லை என்றால் பேட்டரிப் பக்கமே போகாதீர்கள். அது பெட்ரோல் அல்லது ஸ்பார்க் சங்கதி.

மின்சாரம்தான் காரணம் என்று தெரிந்தால் மீட்டரை எடுங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில், காலையில் எதையும் போடாமல் பேட்டரியை அளக்க வேண்டும். 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12-க்கும் கீழே என்றால் காலி. அடுத்து, கியர் நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் இழுத்த நிலையில், வேறொருவரைச் சாவி திருப்பச் சொல்லி அளங்கள். முழு சார்ஜ் உள்ள பேட்டரி, செல்ஃப் சுற்றும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே போனால் அதற்கு வயதாகிவிட்டது. இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை காட்டினால் ஆல்டர்னேட்டர் நலம். 13-க்கும் கீழே என்றால் சார்ஜ் ஏறவில்லை. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டு, பேட்டரியை வேக வைத்துக்கொண்டிருக்கிறது.

இவை எல்லாம் சரியாக இருந்தும் செல்ஃப் சோம்பலாகச் சுற்றுகிறதா? பலர் கோட்டைவிடும் இடம் இதுதான். மாடித் தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தாலும், குழாய்க்குள் துரு அடைத்திருந்தால் கீழே சொட்டுச் சொட்டாகத்தானே விழும்? செல்ஃப் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். வழியில் 0.01 ஓம் தடை இருந்தாலே 1 வோல்ட் காணாமல் போய்விடும். அதே தடையில், 10 ஆம்பியர் மட்டும் இழுக்கும் விளக்குகளுக்கு 0.1 வோல்ட்தான் குறையும். அதனால் அவை குறையில்லாமல் எரிந்து நம்மை ஏமாற்றும்.

இதைப் பிடிக்க, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகடிவ் போஸ்டிலும் மறுமுனையை இன்ஜின் பிளாக்கின் வெறும் உலோகத்திலும் வைத்து, செல்ஃப் சுற்றச் சொல்லுங்கள். 0.2 வோல்ட் வரை இருக்கலாம். 0.5-ஐத் தாண்டினால் எர்த் கெட்டிருக்கிறது. பாசிடிவ் போஸ்டிலிருந்து செல்ஃப் மோட்டாரின் பெரிய போல்ட் வரையும் இதேபோல் அளங்கள், அங்கே 0.5-க்குள் இருக்க வேண்டும்.

பழுது எர்த்தில் என்றால் மருந்து மலிவு. டெர்மினலைக் கழற்றும்போது நெகடிவை முதலில் எடுங்கள், மாட்டும்போது கடைசியாக மாட்டுங்கள். இல்லையென்றால் பாசிடிவைக் கழற்றும் ஸ்பேனர் பாடியில் பட்டுத் தீப்பொறி பறக்கும். வெந்நீரில் சமையல் சோடா கலந்து பூத்த உப்பைக் கழுவி, உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி மாட்டி, மேலே வாசலின் தடவுங்கள். கடற்காற்று படும் ஊர்களில் இந்த வேலையை மழைக்காலம் முடிந்ததும் வழக்கமாகவே செய்யலாம்.

இரண்டு மூன்று நாள் நிறுத்தினால் மட்டும் பேட்டரி இறங்குகிறது என்றால், எங்கோ மின்சாரம் கசிகிறது. 35 ஆம்பியர்-மணிப் பேட்டரியிலிருந்து அரை ஆம்பியர் கசிந்தால் 70 மணி நேரத்தில் காலி. எல்லாவற்றையும் அணைத்து, நெகடிவ் வயரைக் கழற்றி, போஸ்டுக்கும் வயருக்கும் நடுவே மீட்டரை ஆம்பியர் நிலையில் வையுங்கள். இந்த நிலையில் சாவியைத் திருப்பவே கூடாது, மீட்டர் கருகிவிடும். 50 மில்லி ஆம்பியருக்கு மேல் ஓடினால் ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாக உருவுங்கள். எதை உருவும்போது எண் சரிகிறதோ, அந்த வழியில் கசிவு. பின்னால் பொருத்திய ஸ்டீரியோவும், அணையாத டிக்கி விளக்கும் வழக்கமான குற்றவாளிகள். எதை உருவியும் எண் குறையவில்லை என்றால் ஆல்டர்னேட்டரின் டயோடைச் சந்தேகிக்கலாம்.

செல்ஃப் நன்றாகச் சுற்றியும் பிடிக்காத வண்டியில் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பெட்ரோலில் நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, ஸ்பார்க் சந்தேகம். காய்ந்திருந்தால் பெட்ரோலே வரவில்லை.

புதிய வண்டிகளுக்குக் கோளாறுக் குறியீட்டைக் காட்டும் ஸ்கேனர் மாட்டுவார்கள். சோதிக்காமல் பாகத்தை மாற்றக்கூடாது என்ற எச்சரிக்கை அதிலும் தேவை. "பி0171" என்று காட்டினால், பெட்ரோலின் அளவுக்குத் தேவையானதைவிடக் காற்று அதிகம் என்று மட்டுமே பொருள். வெடித்த வேக்குவம் ஹோஸாக இருக்கலாம், களைத்த பெட்ரோல் பம்ப்பாக இருக்கலாம். அதைப் பார்த்ததும் ஆக்சிஜன் சென்சாரை மாற்றுவது, சேதி கொண்டுவந்தவனைத் தண்டிப்பதாகிவிடும்.

ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள். அளவைத் தேதியோடு நோட்டில் எழுதுங்கள். பிரேக், ஸ்டியரிங், பெட்ரோல் ஒழுக்கு ஆகியவற்றில் மட்டும் கை வைக்காமல் நேரே ஒர்க்‌ஷாப்புக்குப் போங்கள். மெக்கானிக்கிடம் போனால் "பேட்டரி மாத்துங்க" என்று சொல்லாதீர்கள். "காலையில் 12.6 இருக்கு, செல்ஃப் சுத்தும்போது எர்த்தில் 0.8 விழுது" என்று சொல்லுங்கள். நல்ல மெக்கானிக்குக்கு அந்த ஒரு வரி போதும். மற்றவர்களுக்கும் உங்களிடம் தேவையில்லாத பாகத்தை விற்கத் தயக்கம் வரும்.